கருப்பட்டிப் பாகில் கட்டிய வீடு

அத்தியாயம் 11

போன வாரம் சண்முகவேல் "சரி" என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டார் அல்லவா? அந்த ஒரு சொல்லை மடியில் முடிந்துகொண்டு அவர் மனைவி முத்துலட்சுமி இத்தனை நாளும் தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தாள்.

மகள் ஷண்முகப்ரியா, தரமணியில் தன்னோடு வேலை பார்த்த கிங்ஸ்லியைக் கல்யாணம் செய்துகொண்டு பாலவாக்கத்தில் குடித்தனம் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பையனும் தூத்துக்குடிப் பக்கம்தான். பேச்சு, சாப்பாடு, கோபம் எல்லாம் இந்த வீட்டு மாதிரியேதான். கோயில் மட்டும் வேறு. சண்முகவேலுக்கு அது ஒன்று போதுமே! பதிவு அலுவலகத்துக்கு அவர் வரவில்லை. தலைதீபாவளிக்கு அழைக்கவும் இல்லை. தி. நகரில் ஊரார் பெண்களுக்கெல்லாம் தலைதீபாவளிப் பட்டு எடுத்துப் போட்ட ஜவுளிக்கடைக்காரர், பெற்ற மகளுக்கு ஒரு கைக்குட்டைகூட எடுத்து வைக்கவில்லை.

இப்போது தலைக்கிறிஸ்துமஸ். கிங்ஸ்லி வீட்டுப் பழக்கத்தில் அதற்கும் பெண் வீட்டுச் சீர் உண்டு. பெண்ணின் அப்பாதான் முன்னால் தட்டோடு வருவார். "சீரெல்லாம் வேணாம்மா. அப்பா ஒரு தடவை வந்துட்டுப் போனா போதும்" என்று ப்ரியா போனில் அழுதாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் அந்தச் "சரி"யைச் சொன்னார்.

இன்று இருபத்துநான்காம் தேதி. சாயங்காலம் கிளம்ப வேண்டும்.

காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டு தூறிக்கொண்டிருந்தது. நந்தனத்து வீட்டின் கூடத்தில் சீர்த்தட்டுகள் தயாராக இருந்தன. பட்டுப்புடவை, பட்டு வேட்டி, பழம், முந்திரிக்கொத்து, பிளம் கேக். இவையெல்லாம் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தன. ஒன்று மட்டும் மழை ஈரம் படாமல் மகன் மகேஷின் படுக்கையறையில் ஏசி குளிரில் ராஜபோகமாக இருந்தது. மகேஷும் அவன் மனைவி லாவண்யாவும் மூன்று ராத்திரியாகக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள்.

அறைக்குள் இருந்தது ஒரு வீடு. இஞ்சி பிஸ்கட்டில் கட்டிய வீடு.

லாவண்யா டிசம்பர் பிறந்தால் வீட்டிலிருந்தே கேக், பிஸ்கட் ஆர்டர் எடுப்பாள். யோசனை அவளுடையதுதான். "பழமும் ஸ்வீட்டும் எல்லாரும் கொடுப்பாங்க அத்தை. நாம ஒரு ஜிஞ்சர்பிரெட் வீடே கொடுப்போம். ப்ரியா அசந்துடுவா" என்றாள். ப்ரியா அனுப்பிய போட்டோவைப் பார்த்து அவளுடைய பாலவாக்கத்து வீட்டையே அளவெடுத்து வரைந்தாள். இரண்டு மாடி, தெருவைப் பார்த்த பால்கனி, பால்கனியில் ஒரு துளசித் தொட்டி. கூரைக்கு வட்ட வட்டமாகக் குட்டி பிஸ்கட் ஓடுகள். வாசல் கேட்டுக்கு அச்சு முறுக்கு. நடைபாதைக் கூழாங்கல்லுக்கு மைதாவில் பொரித்த கலகலா. வாசலில் சர்க்கரைப் பசையான ஐசிங்கால் ஒரு சிக்குக் கோலம். பனி பெய்யாத ஊரில் கூரைக்குப் பனி எதற்கு என்று அதை மட்டும் விட்டுவிட்டாள்.

மார்கழியில் இந்த வீட்டுக்குள் முட்டை நுழையாது. அதனால் ஐசிங்குக்கு ஏதோ வெளிநாட்டுப் பொடி ஒன்றைக் கலந்தாள். அந்தப் பொடியே முட்டையில் செய்ததுதான் என்பதை அத்தையிடம் அவள் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

முத்துலட்சுமிக்கு அந்த வீட்டை எத்தனை தரம் பார்த்தாலும் ஆசை அடங்கவில்லை. மகள் குடியிருக்கும் வீட்டை அவள் நேரில் பார்த்ததே கிடையாது. திருவான்மியூர்க் கோயிலில் சாமி கும்பிடுகிற சாக்கில் மகளைப் பார்த்துவிட்டு வருவதோடு சரி. வாசல் தாண்டுவதென்றால் அவரோடுதான் தாண்ட வேண்டும் என்று ஒரு வைராக்கியம்.

காலைப் பலகாரம் முடிந்ததும் ப்ரியாவின் போன் வந்தது.

"அம்மா, நிஜமாவே வர்றாரா?"

"வாராவட்டி. கடைக்குப் போயிட்டு மத்தியானம் வந்திருவேன்னு சொல்லிட்டுத்தான் போனாவ."

"நடுவுல மனசு மாறிடுவாரோன்னு பயமா இருக்கும்மா. கிங்ஸ்லியோட அப்பாவும் அம்மாவும் ஊர்லேருந்து வந்துட்டாங்க. எங்க அப்பா வர்றார்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மாடி வீட்டு ஆன்ட்டிகிட்டகூட சொல்லிட்டேன்."

"இனி மாற என்ன இருக்கு? நீ பேசாம இரு" என்றாள் முத்துலட்சுமி.

அவள் போனை வைத்த கொஞ்ச நேரத்தில் ஏசி நின்றது.

மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. விளக்கும் எரிந்தது. ஏசியும் சமையலறையில் கேக் சுடும் ஓவனும்தான் செத்துப்போயிருந்தன. லாவண்யா கீழே ஓடினாள். வாட்ச்மேன் வடிவேலு குடையைப் பிடித்துக்கொண்டு மீட்டர் பெட்டியையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ஃபேஸ் பூட்ச்சும்மா. மழைல எங்கனா கேபிள் நனஞ்சிகீது. ஆளுக்கு சொல்லிகீறேன், வந்துகினு கீறான்."

"எவ்வளவு நேரம் ஆகும்ணா?"

"அது இன்னா என் கைலயா கீது?"

மேலே வந்த லாவண்யா, அறைக்கதவைத் திறந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். தெருப்பக்கச் சுவர் லேசாக முன்னால் சாய்ந்திருந்தது. விரலால் தொட்டாள். விரல் பதிந்தது.

"அத்தை, இங்க வாங்க."

முத்துலட்சுமி வந்தாள்.

"இந்த பிஸ்கட் கல்லு மாதிரி இருக்கணும். நான் வழக்கமா செய்றது அப்படித்தான் இருக்கும். மழைக்குக்கூட தாங்கும். இது ஏன் இப்படி ஊறுது? நான் ஸ்கூல்ல பாப்பாவைக் கூட்டிட்டு வரப் போனப்ப மாவை நீங்கதானே பிசைஞ்சீங்க? அளந்து வச்ச சர்க்கரையைத்தானே போட்டீங்க?"

முத்துலட்சுமி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். சொன்னாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

"அந்தச் சக்கரையைப் போடல."

"பின்ன?"

"கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டி. பாகு காய்ச்சி வடிகட்டித்தான் ஊத்தினேன். சீருன்னா நம்ம பக்கத்துப் பண்டம் ஒண்ணாவது உள்ள இருக்கணும்லா? அவளுக்கும் கருப்பட்டின்னா உசுரு. வாயில வச்சதும் கண்டுபிடிச்சு, அம்மான்னு ஒரு சிரி சிரிப்பான்னு..."

மேலே சொல்ல முடியவில்லை. மழைக்காலத்தில் கருப்பட்டி கசியும் என்பது அவளுக்குத் தெரியாத சங்கதியா? அதனால்தானே அவள் அம்மா வீட்டிலும் மாமியார் வீட்டிலும் கருப்பட்டிப் பானையை அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார்கள்? தெரிந்தும் தோன்றவில்லை. மகள் சிரிப்பதை மட்டும் நினைத்துக்கொண்டு பாகை ஊற்றியிருக்கிறாள்.

லாவண்யா கோபப்படவில்லை. கோபப்பட நேரமில்லை. புது ஐசிங் குழைத்தாள். சாய்ந்த சுவருக்கு உள்பக்கமாக ஈர்க்குச்சி கட்டி முட்டுக் கொடுத்தாள். கூரையின் இரண்டு பலகைகளைப் பக்குவமாகப் பெயர்த்தாள். ஒன்று பரவாயில்லை, அதைத் திரும்ப மேலே வைத்தாள். இன்னொன்று துணி மாதிரி வளைந்தது.

"எதிர் ஃப்ளாட்ல கரண்ட் இருக்கு. இதை அங்க ஓவன்ல வச்சு மொறுமொறுன்னு ஆக்கிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் இந்த ரெண்டு சுவரையும் ரெண்டு கையால பிடிச்சுக்குங்க. ஐசிங் இறுகணும். அசையவே கூடாது அத்தை."

"சரிம்மா."

"தும்மக்கூட கூடாது."

லாவண்யா தட்டை ஏந்திக்கொண்டு ஓடினாள். முத்துலட்சுமி குனிந்தபடி இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே மகள் வீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்ல கூரைப் பலகை ஒன்று மட்டும் மேலே உட்கார்ந்திருந்தது. சரியாகச் சாத்தாத ஜன்னல் இடுக்கு வழியே ஈரக்காற்று வந்தது. ஜன்னலைச் சாத்த வேண்டும். எந்தக் கையால் சாத்துவது? இடுப்பு வலித்தது. மூக்கு அரித்தது. கருப்பட்டியும் சுக்கும் பட்டையுமாக வாசனை கமகமவென்று வந்து அவளை அழ வைத்தது.

அப்போது பார்த்து வாசல் மணி அடித்தது.

லாவண்யாவிடம் சாவி உண்டு. வேறு யார்? மணி மறுபடி அடித்தது. "ஏ முத்து!" என்ற குரலும் கேட்டது. சண்முகவேல்தான். இவ்வளவு சீக்கிரம் வருவார் என்று அவள் நினைக்கவில்லை. இந்தக் கோலத்தில் அவர் இதைப் பார்க்கவே கூடாது. கையை எடுத்தால் வீடு விழும். எடுக்காவிட்டால் அவர் உள்ளே வருவார். கந்தா, கடம்பா என்று முணுமுணுப்பதைத் தவிர அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சண்முகவேல் தன் சாவியால் திறந்துகொண்டு வந்தார். அறை வாசலில் நின்றார்.

முத்துலட்சுமி குனிந்தபடியே தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள். முடி வெட்டி, மழித்து, மீசைக்கு மை பூசியிருந்தார். கடையிலிருந்து புது வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டிருந்தார். மடிப்பு இன்னும் கலையவில்லை. தீபாவளிக்குக்கூட இப்படி அவர் கிளம்பியதில்லை.

"கூப்பிடக் கூப்பிட என்ன பண்ணுத?"

"கையை எடுக்க முடியலங்க."

"என்னது இது?"

"சீரு. நம்ம ப்ரியாவுக்கு. பிஸ்கட்டுல வீடு."

அவர் கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். பார்த்தார். பக்கவாட்டில் போய் அங்கிருந்தும் பார்த்தார்.

"இது என்ன, பால்கனியா?"

"ஆமா. அவ வீட்டு பால்கனிதான். தொட்டிகூட வச்சிருக்கா பாருங்க உங்க மருமவ."

"கேட்டு அச்சு முறுக்குலயா?" என்றார். மை பூசிய மீசைக்குக் கீழே உதடு லேசாக விரிந்தது. முத்துலட்சுமி சாட்சி, நிஜமாகவே விரிந்தது. கல்யாணம் முடிந்ததிலிருந்து மகள் பேச்சு எடுக்கும்போது அப்படி அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை.

"கையை எடு. முழுசாப் பாக்கணும்."

"வேணாங்க. இன்னும் காயல."

"எடு முத்து."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் "எடு" என்றால் அவள் எடுத்தே பழகியவள். மனசு வேண்டாம் என்றது. கை கேட்டுவிட்டது.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தெருப்பக்கச் சுவர் மெதுவாக, மிக மெதுவாக, ஈர்க்குச்சியையும் இழுத்துக்கொண்டு முன்னால் வந்தது. கூரை சறுக்கியது. பால்கனி தொட்டியோடு கோலத்தின் மேல் கவிழ்ந்தது. சத்தம்கூட வரவில்லை.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என் தப்புங்க. கருப்பட்டியைப் போட்டுட்டேன். மழைக்கு ஊறிட்டு. வேற ஒண்ணுமில்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தலைக்கிறிஸ்துமஸ்ங்கே. மகளுக்கு மொத மொதல்ல கொண்டு போற சீருங்கே. அவ வீடு மாதிரியே செஞ்சிருக்குங்கே. இது என் கண்ணு முன்னாடி இடிஞ்சு விழுதே, இப்ப என்ன சொல்லுத?"

"பிஸ்கட்டுங்க அது. இதை விட்டுருவோம். மத்த தட்டெல்லாம் இருக்குல்லா?"

"பாத்துட்டேன்லா முத்து. இனி எந்தத் தட்டைத் தூக்கினாலும் இதுதான் கண்ணுல நிக்கும். வாழ வேண்டிய பிள்ளை வாசலுக்கு இதைப் பாத்த கண்ணோட நான் போவ மாட்டேன்."

குரலை உயர்த்தியிருந்தால் அவளுக்கு வழி தெரியும். அவர் கோபத்தை அவள் பார்க்காததா? இன்றைக்கு அவர் முகத்தில் இருந்தது பயம். மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை எந்தச் சமாதானம் சொல்லித் தீர்ப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"சாப்பிட்டுட்டாவது..."

"பசிக்கல. கடைக்குப் போறேன்."

லாவண்யா மொறுமொறுப்பான கூரையோடு திரும்பி வந்தபோது லிஃப்ட் கதவு சாத்திக்கொண்டிருந்தது. மாமா எதிரே வந்தும் தன்னைப் பார்க்கவில்லை என்பதிலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியை மேஜை சொன்னது.

"நான் பேசறேன் அத்தை மாமாகிட்ட. பிஸ்கட்டுக்குப் போய் சகுனம் பார்ப்பாங்களா?"

"வேண்டாம்மா. இப்பப் பேசினா முறிஞ்சிரும்."

"அப்ப நாம ரெண்டு பேரும் ஆட்டோ பிடிச்சுப் போயிடலாம். தட்டெல்லாம் நானே தூக்கறேன்."

"நான் போயி என்ன செய்ய? அவ என்னையா கேட்டா? அப்பா வாராவன்னு மாடி வீட்டுக்காரிகிட்டகூட சொல்லி வச்சிருக்கா. நாம மட்டும் போயி இறங்கினா அந்தப் பிள்ளை முகம் என்ன ஆவும்?"

லாவண்யா கையிலிருந்த கூரைத் தட்டை மேஜைமேல் வைத்தாள். முத்துலட்சுமி உடைந்த சுவரில் ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். ருசி பிரமாதமாக இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

கொஞ்ச நேரத்தில் மின்சாரம் வந்தது. ஏசி தன் பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது. முத்துலட்சுமி எழுந்து போய் அதை அணைத்தாள்.

மகளுக்குப் போன் செய்ய வேண்டும். எடுத்தாள், வைத்தாள். என்னவென்று சொல்வது? "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்றால் பதறிக்கொண்டு ஓடி வருவாள். "கடையில் கூட்டம்" என்றால் நம்பமாட்டாள். உண்மையைச் சொன்னால், உங்கம்மா போட்ட கருப்பட்டியால் உங்கப்பா வரவில்லை என்று சொல்ல வேண்டும். பொழுது சாயச் சாய முத்துலட்சுமி போனை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். லாவண்யா கொண்டுவந்த காப்பி ஆறி ஏடு கட்டியது.

கடைசியில் அடித்தது மகேஷ். கடையிலிருந்து.

"அம்மா, அப்பா கிளம்பிட்டாரா? சாயங்காலம் போகணும்னு சொன்னாரே. இங்க ஒரே கூட்டம், நான் கல்லாவை விட்டு நகர முடியல."

"அவிய கடைக்குல்லாடா வந்தாவ? மத்தியானமே வந்தாவளே!"

"இல்லியே! முடி வெட்டப் போறேன்னு போனவர்தான். இங்க வரவே இல்ல."

முத்துலட்சுமி மேலே எதுவும் கேட்காமல் போனைத் துண்டித்தாள். அவர் எண்ணுக்கு அடித்தாள். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. ஈரமான ரோடு, சாப்பிடாத வயிறு, சர்க்கரை வியாதி வேறு. கெட்டதெல்லாம் வரிசை கட்டிக்கொண்டு அவள் மனசுக்குள் வந்தது. லாவண்யா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

அப்போது ப்ரியாவின் அழைப்பு வந்தது.

"அம்மா." குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "அப்பா வந்திருக்கார்."

"எங்க?"

"இங்கதான். எங்க தெருவுல. எதிர்ப்பக்கம் மரத்தடில காரை நிறுத்திட்டு உள்ளயே உட்கார்ந்திருக்கார். நான் பால்கனில நின்னு பார்த்துட்டு இருக்கேன். ரொம்ப நேரமாச்சும்மா, இறங்கவே மாட்டேங்கறார். நீ ஏன் வரல? என்னம்மா ஆச்சு?"

முத்துலட்சுமி கூடத்தைப் பார்த்தாள். பட்டும் பழமும் கேக்குமாகத் தட்டுகள் எல்லாம் இங்கே வரிசையாக இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

"அவிய கையில என்னமும் இருக்கா? வழியில ஒரு சீப்புப் பழம், ஒரு முழம் பூ, என்னமும் வாங்கியிருக்காவளா?"

"தெரியலம்மா. முன் சீட்டுல ஒண்ணும் இருக்கற மாதிரி தெரியல. ஸ்டியரிங்ல ரெண்டு கையும் வச்சுட்டு உட்கார்ந்திருக்கார்."

முத்துலட்சுமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போகமாட்டேன் என்று சொன்ன மனுஷர் மனசு கேட்காமல் போய்விட்டார். போன பிறகுதான் வெறுங்கை ஞாபகம் வந்திருக்கும். சம்பந்தி வீட்டார் ஊரிலிருந்து வந்து உட்கார்ந்திருக்க, மகளின் முதல் பண்டிகைக்கு ஒரு தட்டு இல்லாமல் படி ஏறுகிற ஆளா சண்முகவேல்? இறங்கவும் முடியாமல், திரும்பவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். தட்டுகளை இப்போது இங்கிருந்து தூக்கிக்கொண்டு ஓடினாலும், கிறிஸ்துமஸ் நெரிசலில் அடையாறு தாண்டுவதற்குள் அவர் போயே போய்விடுவார்.

"நான் கீழ போகட்டுமாம்மா?"

முத்துலட்சுமி வாயைத் திறந்தாள். போ என்றால், மகள் முன்னால் வெறுங்கையோடு நிற்க வெட்கப்பட்டு அவர் காரை எடுத்துவிடுவார். போகாதே என்றால், தன்னைக் கண்டும் மகள் வரவில்லை என்று நினைத்து அப்போதும் எடுத்துவிடுவார். இத்தனை காலம் அவரோடு வாழ்ந்தும் எது சரி என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதை நினைக்கும்போதே அழுகை முட்டியது.

"அவிய வெறுங்கையா வந்திருக்காவட்டி. சீரெல்லாம் இங்க கிடக்கு. கொஞ்சம் பொறு. கிங்ஸ்லியை மட்டும் முதல்ல..."

"எனக்குத் தட்டு எதுக்கும்மா?" என்றாள் ப்ரியா.

"ப்ரியா, கேளு, போவாத..."

போன் துண்டிக்கப்படவில்லை. செருப்புக் கால்கள் படிக்கட்டில் தடதடவென்று இறங்கும் சத்தம். யாரோ "எங்க ஓடுற?" என்று கேட்கும் சத்தம். பிறகு மழை. இரும்புக் கேட் கிறீச்சென்று திறந்தது.

"அப்பா!"

முத்துலட்சுமி போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள். லாவண்யா "என்ன அத்தை, என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மழைக்கு நடுவே, கார்க் கதவு டப்பென்று சாத்துகிற சத்தம் கேட்டது. அவர் இறங்கிச் சாத்தினாரா, இறங்க மனமில்லாமல் இழுத்துச் சாத்திக்கொண்டாரா என்பது நந்தனத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியவில்லை.